கப்பலில் எஸ்கலேட்டர் ஏன் இல்லை? அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு நீண்ட இழை

போன வாரம் ஓபியில் ஒரு தம்பி வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். வந்தது தன்னோட சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்ட. அதைப் பேசி முடித்து எழுந்தவர், கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பினார். முக்கியமான கேள்விகள் எப்பவும் அப்போதுதான் வரும். எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

"சார், மே மாசம் அப்பா அம்மாவோட சிங்கப்பூர்ல கப்பல் ஏறலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. கப்பல்ல எஸ்கலேட்டர் இருக்கும்ல? மால் மாதிரி அவ்ளோ பெருசா இருக்கே."

"பெரும்பாலும் இருக்காது தம்பி. லிஃப்ட் இருக்கும். எஸ்கலேட்டர் இல்லாதது அப்பாவுக்கு நல்லதுதான்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஏறும் கப்பல், உள்ளே தியேட்டர், நீச்சல்குளம், சறுக்குமரம் எல்லாம் இருக்கு, ஒரு எஸ்கலேட்டர் வைக்க மாட்டானா என்பது அவர் கணக்கு. நியாயமான கேள்விதான். வெளியே இருபது பேர் காத்திருந்ததால் பாதியில் விட்டுவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். 2022ல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு, இந்த மாதிரி கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் எஸ்கலேட்டர் வைக்க முடியும். ஆனால் அந்தக் கப்பலில் ஏறுகிறவர்களில் யாருக்கு அது தேவை என்று நாம் நினைக்கிறோமோ, அவர்களுக்குத்தான் அது ஆபத்து.

முடியும் என்று எப்படிச் சொல்கிறேன்? ஏற்கனவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் எஸ்ஸெக்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல்களை 1950களில் மாற்றிக் கட்டியபோது, விமானிகள் காத்திருக்கும் அறையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். கனமான பறக்கும் உடையை மாட்டிக்கொண்டு விமானிகள் அவ்வளவு உயரம் படியேறி மேல்தளத்துக்குப் போனால், விமானத்தில் உட்காரும்போதே மூச்சு வாங்கும். அதனால் எஸ்கலேட்டர் வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் ஹார்னெட் அந்த வகைக் கப்பல்தான். 1969ல் நிலவிலிருந்து திரும்பிவந்த மூன்று பேரைக் கடலிலிருந்து மீட்டதும் அதே கப்பல்தான்.

ஆக, ஆடும் கப்பலில் எஸ்கலேட்டர் ஓடியிருக்கிறது. ஆனா அதில் ஏறினது யாரு? இருபத்தைந்து, முப்பது வயசு விமானி. கண் துல்லியம், காது துல்லியம், கால் துல்லியம் என்று சோதித்துச் சோதித்து எடுத்த ஆள். உங்க பெரியம்மா இல்லை.

பயணிகள் கப்பலிலும் யோசிக்காமல் இல்லை. ஜெர்மனியின் விஸ்மார் கப்பல்கட்டும் தளத்தில் 'குளோபல் ட்ரீம்' என்று ஒரு ராட்சதக் கப்பலைக் கட்ட ஆரம்பித்தார்கள். 9,000 பேருக்கு மேல் ஏற்றுவது திட்டம். அத்தனை பேரைத் தளத்துக்குத் தளம் நகர்த்த எஸ்கலேட்டர்களும் அந்தத் திட்டத்தில் இருந்தன. 2022 ஜனவரியில் கட்டிய நிறுவனம் திவாலாகி, பாதியில் நின்ற கப்பலை டிஸ்னி வாங்கியது. சிங்கப்பூரிலிருந்து போகும் 'டிஸ்னி அட்வென்ச்சர்' அதுதான்.

அந்த வடிவமைப்பாளர்கள் ஏன் எஸ்கலேட்டர் பக்கம் போனார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஷோ முடிந்ததும் 1,500 பேர் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்குக் கிளம்புவார்கள். லிஃப்ட் வாசலில் திருவிழாக் கூட்டம். ஒரு மீட்டர் அகல எஸ்கலேட்டர், வழக்கமான வேகத்தில் ஓடினால், மணிக்கு 6,000 பேர் வரை கணக்கு. நின்று நின்று போகும் லிஃப்ட் அதற்குக் கிட்டவே வராது. கூட்டத்தை நகர்த்துவது மட்டும்தான் பிரச்சினை என்றால் எஸ்கலேட்டர்தான் விடை.

ஆனால் இடம்? சின்னதாக ஒரு கணக்கு. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டர் 30 டிகிரி சாய்வில் ஏறுகிறது. சாய்வுக்கு மட்டும் 5 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். ரெண்டு முனையிலும் தட்டையான படிகள், அதற்குக் கீழே இயந்திரக்குழி, அதற்கு முன்னால் ஆட்கள் நிற்க இடம். ஏற ஒன்று, இறங்க ஒன்று. அதுவும் ஒரே ஒரு தளத்தைத் தாண்ட. பதினைந்து தளத்துக்கும் இப்படி வைத்தால் கப்பலில் ஆள் தங்க இடம் இருக்காது. எனவே எஸ்கலேட்டர் வைக்கும் கப்பலிலும், கடைகளும் தியேட்டரும் இருக்கும் ரெண்டு மூணு தளங்களுக்குள்தான் அது ஓடும். பத்தாம் தளத்தில் அறை எடுத்த உங்க அப்பா, எஸ்கலேட்டர் இருந்தாலும் லிஃப்ட்டுக்குத்தான் நிற்கணும்.

சரி, இது பொறியாளர்கள் விஷயம். என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் அத்தைக்கு அப்போது 74 வயசு. ஒரு மாலில் எஸ்கலேட்டர் முன்னால் நின்றார். பின்னால் ஆட்கள். 'போங்கம்மா, போங்கம்மா' என்று அவசரம். வலது காலை வைத்தார், படி நகர்ந்தது, இடது கால் தரையிலேயே இருந்தது. அவ்வளவுதான். இடது இடுப்பெலும்பு முறிந்தது. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி, அடுத்த நாள் காலையில் ஆபரேஷன், மூணாம் நாள் வாக்கர் பிடித்து எழுந்து நின்றார். அத்தை இன்னைக்கும் நடக்கிறார் என்றால் காரணம் அந்த வேகம்தான்.

இது அபூர்வமான விபத்து இல்லை. அமெரிக்காவில் 1991 முதல் 2005 வரை, எஸ்கலேட்டரில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 65 வயது தாண்டியவர்கள் மட்டும் சுமார் 40,000 பேர் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் வழுக்கி, தடுக்கி, விழுந்தவர்கள். இதெல்லாம் ஆடாத தரையில் இருக்கும் எஸ்கலேட்டர்கள்.

இப்போ அந்தத் தரையை ஆட விடுங்கள்.

நாம் விழாமல் நிற்பதற்கு மூளை மூணு இடத்திலிருந்து தகவல் வாங்குகிறது. கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். மூணும் ஒரே சேதியைச் சொன்னால் பிரச்சினை இல்லை. கப்பலுக்குள்ளே என்ன நடக்கிறது? சுவர், தரைவிரிப்பு, விளக்கு எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இல்லை, ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது. குமட்டல் வருவதே இந்தச் சண்டையால்தான். எஸ்கலேட்டரில் கால் வைத்ததும், தரை முன்னாலும் மேலேயும் போகிறது என்று பாதம் மூணாவதாக ஒரு சேதி அனுப்பும். இளவட்டத்துக்கு மூளை ஒரு நொடியில் சமாளித்துவிடும். இருபது வருஷமாகச் சர்க்கரை இருப்பவருக்குப் பாதத்து நரம்பே பாதி செத்திருக்கும். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறவர்களை ஓபியில் வாராவாரம் பார்க்கிறேன். அவர்களுக்கு மூணில் ஒரு தகவல் வருவதே இல்லை.

பெரிய கப்பல் ஆடவே ஆடாது என்று டிராவல் ஏஜென்ட் சொல்வார். பாதி உண்மை. பக்கவாட்டில் ரெக்கை மாதிரி நீட்டிக்கொள்ளும் தடுப்புகள் ஆட்டத்தை நிறையவே குறைக்கின்றன. அமைதியான கடலில் கப்பல் நகர்வதே தெரியாது. சிக்கலும் அங்கேதான். மூணு நாள் ஆடாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் சாயந்திரம் ஒரே ஒரு தடவை சாய்ந்தாலும், அந்த நேரத்தில் உங்க அம்மா எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி. மாலுமிகள் பழகும் முதல் பாடம், ஒரு கை எப்பவும் கப்பலைப் பிடித்திருக்கணும் என்பது. படிக்கட்டில் பிடித்தால் கைப்பிடி கப்பலோடு உறுதியாக நிற்கிறது. எஸ்கலேட்டரில் நாம் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியே நகர்ந்துகொண்டிருக்கும் பொருள்.

சரி, ஆடும்போது நிறுத்தி வைக்கலாமே என்று கேட்பீங்க. நின்ற எஸ்கலேட்டர் படிக்கட்டுதானே?

இல்லீங்க. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நின்றுபோன எஸ்கலேட்டரில் கால் வைக்கும்போது, 'இது ஓடவில்லை' என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போனாலும், உடம்பு ஒரு தடவை முன்னால் குலுங்கும். கவனித்திருக்கிறீர்களா? லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ரெனால்ட்ஸ், பிரான்ஸ்டீன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2003ல் இதை ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். நகரும் பலகையில் ஆட்களைப் பல தடவை ஏறி நடக்கவைத்தார்கள். பிறகு, 'இனிமேல் இது நகராது' என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஏறச் சொன்னார்கள். அப்போதும் எல்லாரும் வேகமாக வந்து, உடம்பை முன்னால் சாய்த்துத் தடுமாறினார்கள். புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. எஸ்கலேட்டர் என்றால் இப்படித்தான் ஏறணும் என்று உடம்பு தனியாக ஒரு பாடம் வைத்திருக்கிறது. நாம் சொல்லி அதை மாற்ற முடியாது.

இன்னொன்று, சாதாரணப் படி 15 முதல் 18 சென்டிமீட்டர் உயரம். எஸ்கலேட்டர் படி 20 தாண்டும். போதாததற்கு மேலேயும் கீழேயும் கடைசிப் படிகள் ஒவ்வொன்றும் ஒரு உயரம். படி ஒரே சீராக இருக்கும் என்று நம்பித்தான் கால் தூக்குகிறோம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நின்ற எஸ்கலேட்டரைவிட மோசமான படிக்கட்டை வேணும்னு தேடினாலும் கிடைக்காது.

கப்பலில் கரண்ட் போகுமா? போயிருக்கிறது. 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் 'கார்னிவல் ட்ரையம்ப்' கப்பலின் என்ஜின் அறையில் தீ. 4,000 பேருக்கு மேல் இருந்த கப்பல் மின்சாரம் இழந்து நாள்கணக்கில் மிதந்தது. 2019 மார்ச்சில் நார்வே அருகே புயலுக்கு நடுவில் 'வைக்கிங் ஸ்கை' கப்பலின் என்ஜின்கள் நின்றன. உள்ளே 1,373 பேர், பெரும்பாலும் வயதானவர்கள். நாற்காலிகளும் மேஜைகளும் தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 479 பேரை ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தூக்கினார்கள். அந்தக் கூடத்தின் நடுவில், நின்றுபோன எஸ்கலேட்டரில் பாதி வழியில் ஒரு எண்பது வயசுக்காரரை வைத்து நினைத்துப் பாருங்கள்.

அவசர காலத்தில் லிஃப்ட்டில் ஏறக்கூடாது. படிக்கட்டுதான் வழி. அதனால்தான் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகள் கப்பல் படிக்கட்டுகளை அவ்வளவு கவனிக்கின்றன. தீயைத் தாங்கும் சுவர், தானாக மூடும் கதவு, புகை சூழ்ந்தாலும் தவழ்ந்தபடியே பார்க்க முடிகிற மாதிரி தரையை ஒட்டி வழிகாட்டும் விளக்கு. எஸ்கலேட்டர் என்பது ரெண்டு தளங்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் ஒரு பெரிய ஓட்டை. நடுக்கூடத்தில் மட்டும் அதற்கேற்ற பாதுகாப்போடு வைக்கலாம், மற்ற இடத்தில் கஷ்டம்.

தீ என்றதும் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஞாபகம் வருகிறது. 1987 நவம்பர் 18. எரியும் தீக்குச்சி ஒன்று மர எஸ்கலேட்டரின் இடுக்கில் விழுந்து, கீழே வருஷக்கணக்கில் சேர்ந்திருந்த மசகிலும் தூசியிலும் பற்றியது. முதலில் சின்னத் தீதான். சாய்வான பள்ளத்துக்குள் தீ படுத்தவாக்கில் மேலேறி, திடீரென்று டிக்கெட் கூடத்துக்குள் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். இன்றைய எஸ்கலேட்டர்கள் உலோகம், அப்படி எரியாது என்பது சரி. ஆனால் மசகும் தூசியும் சேரும் குழி இன்னைக்கும் அதேதான். கப்பலில் உப்புக்காற்று வேறு.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் வேற.

அத்தை விழுந்தது நடுக்கடலில் என்றால் என்ன ஆகியிருக்கும்? கப்பலில் டாக்டர் இருப்பார், நர்ஸ் இருப்பார், எக்ஸ்ரே, இசிஜி, வலிக்கு ஊசி எல்லாம் இருக்கும். மாரடைப்பு வந்தால் முதல் சில மணி நேரத்தை நல்லாவே சமாளிப்பார்கள். ஆனால் இடுப்பெலும்பு ஆபரேஷனை அங்கே செய்ய முடியாது. அடுத்த துறைமுகம் வரும்வரை படுக்கையில்தான் இருக்கணும். வந்த பிறகு தெரியாத ஊர், தெரியாத ஆஸ்பத்திரி, முன்பணம், மொழி. முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவில் ஆபரேஷன் அன்றோ மறுநாளோ நடக்கணும் என்று நாங்கள் துடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தும், முறிந்த ஒரு வருஷத்துக்குள் அஞ்சில் ஒருத்தரையாவது இழக்கிறோம். நாள் தள்ளத்தள்ள நெஞ்சுச்சளி, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும்.

எனவே கப்பல்காரர்களிடம் ஏதாவது கேட்கணும் என்றால் எஸ்கலேட்டர் கேட்காதீங்க. லிஃப்ட் அதிகமாக வைக்கச் சொல்லுங்க. ஷோ முடியும் நேரத்தில் சக்கர நாற்காலிக்கும் கைத்தடிக்கும் தனியாக ரெண்டு லிஃப்ட் ஒதுக்கச் சொல்லுங்க. லிஃப்ட் வாசலில் உட்கார ஒரு பெஞ்ச்! கோடிக்கணக்கில் செலவழித்துச் சறுக்குமரம் வைப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச் பெரிய விஷயமா? முழங்கால் வலிக்காரரின் பிரச்சினை ஏறுவது மட்டும் இல்லை, நிற்பதும்தான்.

நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. அறை பதிவு செய்யும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. லிஃப்ட்டுக்குப் பக்கமா என்று படத்தைப் பார்த்துக் கேளுங்கள். சில கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம், லிஃப்ட்டுக்கு நடப்பதே பெரிய வேலை. சக்கர நாற்காலி வேணும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்பக்கம் பிடிப்பு இல்லாத ரப்பர் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சேலை கட்டும் அம்மாக்கள் அந்த நாலு நாளைக்குக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் நல்லது. தூர, கிட்டப் பார்வை ரெண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டவர்களுக்குக் கீழே பார்க்கும்போது படியின் விளிம்பு மங்கும். நின்று, பார்த்து, பிறகு கால் வைக்கட்டும்.

குமட்டல் மாத்திரையில் கவனம். ப்ரோமெத்தசின், சின்னாரிசைன் ரெண்டும் மெடிக்கலில் சுலபமாகக் கிடைக்கும். ரெண்டுமே தூக்கமும் தடுமாற்றமும் தரும். கை நடுக்க நோய் இருப்பவர்களுக்குச் சின்னாரிசைன் கூடவே கூடாது. பிபி மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை போடும் அப்பாக்கள் அதோடு இதையும் போட்டு, ராத்திரி ஒன்றுக்கு எழுந்திருக்கும்போது விழுவார்கள். கப்பலில் விழுவதற்கு எஸ்கலேட்டரே தேவையில்லை, பாத்ரூம் வாசல் மேடு போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் லேசாக அடிபட்டாலும், 'ஒண்ணுமில்லை' என்று அவரே சொன்னாலும், கப்பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பயணக் காப்பீட்டில் கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா என்று அந்தச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

எஸ்கலேட்டரைச் சந்திக்க வாய்ப்புள்ள இடம் கப்பலைவிடத் துறைமுக முனையமும் ஏர்போர்ட்டும்தான். அங்கே பெட்டியோடு யாரும் எஸ்கலேட்டரில் ஏற வேண்டாம். லிஃப்ட் எங்கே என்று கேளுங்கள். பேரனை ஒரு கையில், பெட்டியை ஒரு கையில் பிடித்த தாத்தாவுக்குக் கைப்பிடியைப் பிடிக்க மூணாவது கை கிடையாது.

அந்தத் தம்பி நேற்று வாட்ஸ்அப்பில் வந்தார். ஆறாம் தளத்தில், லிஃப்ட்டிலிருந்து மூணாவது கதவு கிடைத்திருக்கிறதாம். அப்பா மட்டும் கோபமாக இருக்கிறாராம், பால்கனி இல்லை என்று.